யார்க் நகரத்து மண்ணில் படித்த மாதிரி நம்ம சேலத்து மண்ணில் படிக்க முடியுமா?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து வெள்ளி வேலைதான். வரலாறு படிச்சவன் இல்லை. ஆனா மண்ணுல இருந்து பொருள் எடுக்கறதுன்னா என்னன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். பட்டறையைக் கூட்டற மண்ணைக்கூட நாங்க கொட்டறதில்லை. அரம் போட்ட பொடி, பத்தவைக்கிற இடத்துல தெறிச்சது, மெருகு போட்ட தண்ணியோட வண்டல், எல்லாத்தையும் மூட்டையில சேர்த்து வெச்சு அரிக்கிறவங்களுக்குக் குடுத்துருவோம். அவங்க அதுல இருந்து வெள்ளி எடுப்பாங்க.

மகள் இங்கிலாந்துல இருக்காங்க. போயிருந்தப்ப யார்க்குன்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க காப்பர்கேட்டுங்கற தெருவை 1976ல இருந்து 1981 வரைக்கும் தோண்டியிருக்காங்க. மேல கடைங்க கட்டிட்டாங்க. அடியில தோண்டின இடத்துலயே 1984ல ஒரு காட்சியகம் திறந்திருக்காங்க. சின்ன வண்டியில உட்கார வெச்சு ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தெருவைச் சுத்திக் காட்டறாங்க. அந்தக் காலத்து நாத்தத்தைக்கூட செஞ்சு விட்டிருக்காங்க! பேரப்பசங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் கண்ணாடிப் பெட்டியில இருந்த, உலோகம் உருக்கற மூசைகிட்ட நின்னுட்டேன். கையளவு மண் மூசை, உள்ள உருகின உலோகம் ஒட்டின தடம். அதைப் பிடிச்சவன் எந்தப் பக்கம் சாய்ச்சு ஊத்தினான்னு வாயைப் பார்த்தே சொல்லலாம்.

என் சந்தேகம் வேற. அங்க பலகையில எல்லாம் "ஒன்பதாம் நூற்றாண்டில் இப்படி வாழ்ந்தார்கள், பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் இப்படி மாறினார்கள்"னு அடிச்சுச் சொல்றாங்க. கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. வெறும் குப்பையை வெச்சு எப்படிங்க ஒரு ஊரோட வாழ்க்கை மாறினதைச் சொல்றாங்க?

இன்னொண்ணு. எங்க தெருவுல ஒரு வீட்டுல தண்ணித் தொட்டிக்குக் குழி வெட்டறாங்க. இடுப்புக்குக் கீழ கருப்பா ஒரு மண் வருது. கரி இருக்கு, பானை ஓடு இருக்கு, கசடு மாதிரி கனமா ஏதோ இருக்கு. பாதி மண்ணை டிராக்டர்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. மீதிக் குழி இன்னும் திறந்துதான் கிடக்கு. அதுல ஏதாவது தெரியுமா, இல்லை விட்டுடலாமா?

ஐந்துரோடு எழுதியது:

நானும் அந்தக் காட்சியகத்தின் காணொளி பார்த்திருக்கேன். பொம்மை, நாத்தம், விளக்கு வெளிச்சம். சுற்றுலாக்காரங்களுக்குக் கதை கட்டறாங்கன்னுதான் தோணுது. வைக்கிங்னு, ஸ்காண்டிநேவியாவுல இருந்து கப்பல்ல வந்த கொள்ளைக்காரங்க பேரைப் போட்டா டிக்கெட் விக்கும். எலும்பைப் பார்த்து நூற்றாண்டு சொல்றதெல்லாம் கைரேகை ஜோசியம்.

பானையோடு எழுதியது:

ஐந்துரோடு அவர்களே, பொம்மை கதைதான், ஒத்துக்கொள்கிறேன். பொம்மைக்குக் கீழே இருக்கிற மண் கதை இல்லை.

கொலுசுப்பட்டறை ஐயா, பட்டறை மண்ணைக் கொட்டாதவருக்கு இதை விளக்குவது சுலபம். நான் அஸ்தம்பட்டிக்காரி. தொல்லியல் படித்துவிட்டு அகழாய்வுக் குழிகளில் பானை ஓடு கழுவி, பிரித்து, எண் போடுகிற வேலை செய்கிறேன். யார்க் போனதில்லை. ஆனால் காப்பர்கேட் அறிக்கைகளைப் படிக்காமல் எங்கள் துறையில் யாரும் தப்பிக்க முடியாது. சுமார் 40,000 பொருள்கள், இரண்டரை லட்சம் பானை ஓடு, டன் கணக்கில் விலங்கெலும்பு.

முதலில் அந்த மண்ணுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஊஸ், ஃபாஸ் என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற இடம். அடி மண் எப்போதும் ஊறிக்கிடக்கும். காற்றுப் போகாது, அதனால் மட்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை இல்லை. தோல் செருப்பு, மரக் கிண்ணம், பட்டுக் குல்லாய், கம்பளி நூலில் ஒற்றை ஊசியால் முடைந்த காலுறை, கழிப்பறையில் துடைத்துப் போட்ட பாசி வரைக்கும் அப்படியே கிடந்தது. வேறு ஊர்களில் பானை ஓடும் எலும்பும் மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பதை இங்கே கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

இப்போது மாற்றத்துக்கு வருகிறேன். யார்க்கை கி.பி. 71இல் ரோமானியப் படை கோட்டையாகத் தொடங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானிய ஆட்சி போன பிறகு காப்பர்கேட் இடத்தில் ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு ஆள் புழங்கிய தடமே கிடையாது. ஊர் செத்துவிட்டதா? இல்லை. 627இல் அந்த ஊரில் ஒரு அரசன் ஞானஸ்நானம் பெற்றான். எட்டாம் நூற்றாண்டில் அல்குயின் என்ற பெரிய அறிஞர் அங்கேதான் பள்ளி நடத்தினார். அப்படியென்றால் ஜனங்கள் எங்கே? 1985–86இல் கொஞ்சம் தள்ளி, இரண்டு ஆறும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஃபிஷர்கேட் என்ற தெருவில் பழைய கண்ணாடித் தொழிற்சாலை இருந்த மனையைத் தோண்டினார்கள். அங்கே இருந்தார்கள். சுமாராக 700 முதல் 850 வரை வாழ்ந்த வணிக, கைத்தொழில் குடியிருப்பு.

அந்த எலும்புகளைப் பிரித்தபோது ஒரு விசித்திரம். மாடு, மாடு, மறுபடியும் மாடு. கொஞ்சம் ஆடு. பன்றி குறைவு, கோழியும் வாத்தும் குறைவு, காட்டு விலங்கு இல்லாத மாதிரிதான். வெளிநாட்டுச் சரக்கு வந்திறங்கிய துறைமுகத்துக்காரர்கள் இப்படிச் சலிப்பான சாப்பாடா சாப்பிடுவார்கள்? எலும்பைப் படித்தவர்கள் சொல்வது: அவர்கள் சந்தையில் தேர்ந்தெடுத்து வாங்கவில்லை. அரசனோ திருச்சபையோ கிராமங்களில் வரியாக வாங்கிய மாடுகளை ஓட்டிவந்து கொடுத்ததைத் தின்றார்கள். ரேஷன் கடையில் போட்டதை வாங்கிப்போன மாதிரி.

866இல் வைக்கிங் படை ஊரைப் பிடிக்கிறது. ஃபிஷர்கேட் அந்தக் காலத்தை ஒட்டியே கைவிடப்படுகிறது. கொஞ்ச காலத்தில் காப்பர்கேட் நிரம்பத் தொடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 930 வாக்கில் யாரோ வந்து மனைகளை அளந்து வேலி போடுகிறார்கள். தெருவைப் பார்த்து குறுகலான, பின்னால் நீண்டுபோகிற நாலு மனைகள். கழி நட்டு, மிளாறு (மெல்லிய குச்சி) பின்னிய வேலி. வேலி உளுத்துப்போகும், அதே வரியில் இன்னொன்று நடுவார்கள். வீடு உளுத்துப்போகும், அதே மனையில் இன்னொன்று. அந்த எல்லைக் கோடுகள் கிட்டத்தட்ட அப்படியே இருபதாம் நூற்றாண்டு வரை வந்திருக்கின்றன. ஆயிரம் வருஷம் ஒருத்தர் சுவரையும் இன்னொருத்தர் தள்ளிக் கட்டவில்லை! நம்ம ஊர் எல்லைத் தகராறுகளை நினைத்துப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

மனை சொந்தமானதும் சாப்பாடு மாறுகிறது. மாடுதான் இன்னும் அதிகம், ஆனால் கொல்லையில் பன்றி வளர்க்கிறார்கள். கோழி, வாத்து, முட்டை ஓடு. முட்புதர்ப் பழக் கொட்டை, பிளம் கொட்டை, ஹேசல் கொட்டை. ஆற்று மீனும் விலாங்கும் தின்றவர்கள் போகப்போகக் கடல் மீனுக்கு வருகிறார்கள். கி.பி. 1000ஐ ஒட்டி இங்கிலாந்தின் பல நகரங்களிலும் கடல் மீன் எலும்பு திடுதிப்பென்று கூடுகிறது. யாரோ கொடுத்ததைத் தின்ற ஊர், தானே வளர்த்தும் காசு கொடுத்து வாங்கியும் தின்கிற ஊராகிவிட்டது. எந்த அரசனும் இதற்கு மெய்க்கீர்த்தி எழுதவில்லை.

சுகமான வாழ்க்கை என்று நினைக்காதீர்கள். அதே குறுகலான கொல்லையில்தான் கிணறும், அதே கொல்லையில்தான் மலக்குழியும். குழி மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால் குடற்புழு முட்டைகள் குவிந்து கிடக்கின்றன. 1972இல் அதே பகுதியில் ஒரு வங்கி கட்ட வேண்டிய இடத்தில் கிடைத்த ஒற்றை மலக்கட்டி உலகப் புகழ் பெற்றது. சுமார் 20 செ.மீ. நீளம். போட்டவர் ரொட்டியும் இறைச்சியும் தின்றார், வயிற்றில் புழு இருந்தது என்பதுவரை தெரியும். பேர் மட்டும்தான் தெரியாது. ஈ, வண்டு, மனிதனைக் கடிக்கிற தெள்ளுப்பூச்சி எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறார்கள். நாத்தம் பொய் இல்லை, ஐந்துரோடு!

அடுத்து 975 வாக்கில் மிளாறு வீடுகளைப் பிரித்துவிட்டு, தரையைத் தோண்டி இறக்கி, ஓக் மரப் பலகையில் அரை நிலவறை வைத்த வீடுகள் கட்டுகிறார்கள். ஒரே மனையில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி எப்போது வெட்டிய மரம் என்று பார்க்கிறார்கள். அதனால்தான் பலகையில் அவ்வளவு தைரியமாகக் காலம் போட முடிகிறது. இடம் நெருக்கடி, சரக்கு அதிகம், கீழே வைத்துப் பூட்ட ஓர் அறை வேண்டும் என்றுதான் அந்த வீடுகளைப் பார்த்தால் தோன்றுகிறது. பூட்டும் சாவியும் அந்தத் தெருவில் நிறையவே கிடைத்திருக்கின்றன.

பள்ளிப் புத்தகத்தில் யார்க்கின் பெரிய தேதி 954. எரிக் என்கிற கடைசி வைக்கிங் அரசனைத் துரத்தி ஊர் ஆங்கிலேய அரசனிடம் போன வருஷம். காப்பர்கேட் மண்ணில் அந்த 954ஐத் தேடினால் அகப்படாது. வேலி நிற்கிறது, பன்றி மேய்கிறது, மூசை எரிகிறது. மண்ணில் பெரிதாகத் தெரிவது அதற்கு இருபது வருஷம் கழித்து, ஊர் கைமாறாதபோது நடந்த வீடு மாற்றம். அரசர் பட்டியலுக்கும் தெரு மண்ணுக்கும் நாள்காட்டி வேறு. தஞ்சாவூருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நாம் இன்னும் கோயில் சுவரை மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தொழிலுக்காக ஒன்று. வைக்கிங் வருவதற்கு முன் அந்தப் பகுதியில் புழங்கிய வெள்ளிக் காசில் ஒன்பதாம் நூற்றாண்டில் வெள்ளி குறைந்துகொண்டே போய்க் கடைசியில் வெறும் செம்புக் கலவை ஆகிவிட்டது. 895 வாக்கில் புதிய வைக்கிங் அரசர்கள் யார்க்கில் மறுபடி நல்ல வெள்ளியில் காசு அடிக்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள்! காசு அடிக்கிற இரும்பு அச்சும், அச்சைச் சோதிக்க ஈயத்தில் அடித்துப் பார்த்த வில்லையும் அந்தத் தெருவிலேயே கிடைத்தன. மத்திய ஆசியாவின் சமர்கந்துக் காசைப் பார்த்துச் செய்து வெள்ளி போலப் பூசிய ஒரு போலிக் காசும் கிடைத்தது.

சேலத்துக் குழியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள்: மீதி மண்ணை அள்ள விடாதீர்கள்.

அம்மாப்பேட்டை தறி எழுதியது:

பட்டுக் குல்லாய்னு போட்டிருக்கீங்களே அக்கா, அந்த ஊர்ல பட்டு நெஞ்சாங்களா? குளிர் நாட்டுல புழு எப்படி வளரும்? நாங்க வெண்பட்டு வேட்டி நெய்யறவங்க, அதான் கேக்கறேன்.

பானையோடு எழுதியது:

நெய்யவில்லை தம்பி. பட்டு பைசாந்தியம் (இன்றைய இஸ்தான்புல்) பக்கமிருந்தோ அதற்கும் கிழக்கிலிருந்தோ துணியாக வந்தது. இங்கே வெட்டித் தைத்தார்கள். சின்னத் துண்டுகள்கூடக் கிடைத்திருப்பதால் சுருள் துணி வாங்கி மீதியை வீணாக்காமல் பயன்படுத்தியிருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் நெய்தது கம்பளியும் நார்த்துணியும். சாயச் செடிகளின் மிச்சமும் குவியலாக இருந்தது. மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு, நீலத்துக்கு ஒரு செடி, மஞ்சளுக்கு ஒன்று. சாயம் பிடிக்க வைக்கிற ஒரு வகைப் பாசிச்செடி அந்த நாட்டிலேயே வளராதது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தறியிலும் மாற்றம் தெரியும். பழைய தறி செங்குத்தாக நிற்கும், பாவு நூலின் கீழ் நுனியில் சுட்ட களிமண் குண்டுகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். உங்கள் வீட்டில் பாவை இழுத்துக் கட்டுகிற வேலையை அந்தக் குண்டு செய்யும். இங்கிலாந்து நகரங்களில் பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் அந்தக் குண்டுகள் குறைந்து மறைகின்றன. நெசவை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மேலும் கீழும் கட்டை வைத்த வேறு தறிக்கு மாறினார்கள், அதற்குக் குண்டு வேண்டாம். புதுத் தறி மரம், பெரும்பாலும் மட்கிவிடும். ஒரு பொருள் கிடைக்காமல் போவதையும் இப்படிப் படிக்க வேண்டியிருக்கிறது.

காப்பிக்காடு (ஏற்காடு) எழுதியது:

நல்லா எழுதறீங்கம்மா. எனக்கு ஒரு ஆதங்கம். சேர்வராயன் மலையில புதிய கற்காலக் கோடரிங்க நிறைய கிடைச்சிருக்கு. ராபர்ட் புரூஸ் ஃபூட்டுங்கற வெள்ளைக்கார நிலவியலாளர் இந்த மலையில கிடைச்ச கல் ஆயுதங்களைப் பட்டியல்ல சேர்த்திருக்கார். வழவழன்னு தேய்ச்ச கல். மலை ஊர்ல காடு கொத்தும்போது கிடைச்சா பிள்ளையார் கோயில்ல கொண்டுபோய் வெச்சுக் கும்பிடற வழக்கம் இருந்துச்சு. பக்தி நல்லதுதான், கல்லும் உடையாம இருந்துச்சு. ஆனா எந்தக் காட்டுல, எவ்வளவு ஆழத்துல, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு எதுவும் இப்பக் கிடையாது. அங்க பன்றி எலும்பு வரைக்கும் எண்ணறாங்க. நம்மகிட்டக் கோடரியே இருக்கு, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை.

அது போக, அந்த யார்க் ஜனங்க யாருங்க? வந்தவங்களா, ஏற்கெனவே இருந்தவங்களா?

பானையோடு எழுதியது:

பெரும்பாலும் கலப்பு. குடிசைக் கட்டுமானம் பழைய உள்ளூர் முறைதான். சாணைக்கல் நார்வேயிலிருந்தும், திரிகைக்கல் ஜெர்மனிப் பக்கத்து எரிமலைக் கல்லிலிருந்தும் வந்திருக்கிறது. சோழி ஒன்றுகூடச் செங்கடல் பக்கமிருந்து வந்திருக்கிறது. பொருள் பயணம் செய்ததால் ஆளும் அங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிட முடியாது. ஒரு தெருவில் இருந்த அத்தனை பேரையும் "வைக்கிங்" என்று சொல்வது டிக்கெட் விற்கத்தான். அந்த இடத்தில் ஐந்துரோடு சொன்னதை ஏற்கிறேன்.

கோடரி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அங்கேயும் ஒரு கதை உண்டு. அகழாய்வு முடிந்து 1982இல் கடைகளுக்கு அடித்தளம் தோண்டும்போது ஒரு இயந்திர ஓட்டுநரின் கரண்டியில் ஏதோ தட்டியது. அவர் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டார். எட்டாம் நூற்றாண்டு இரும்புத் தலைக்கவசம், பித்தளைப் பட்டையில் பெயர் பொறித்தது. பலகை அடித்த ஒரு குழிக்குள் கிடந்தது. அவர் நிறுத்தியதால்தான் அந்தக் குழியும் தெரிந்தது.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

ரொம்ப நன்றிங்கம்மா. காசு சமாச்சாரம் படிச்சுட்டு பட்டறையில எல்லாருக்கும் சொன்னேன். எங்ககிட்ட முதல் கேள்வியே "எத்தனை டச்?"தான், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம்னு. வெள்ளி குறைஞ்சா ஊர்ல நம்பிக்கை குறைஞ்சுருச்சுன்னு அர்த்தம். நல்ல வெள்ளியில காசு அடிக்கிறவன் அங்க தங்கப் போறான்னு அர்த்தம். திருடிட்டு ஓடறவன் எதுக்கு டச் பார்க்கப் போறான்?

அந்த மூசை பக்கத்துல ஈயம் கலந்த கெட்டியான ஒரு கசடுக் கட்டியும் இருந்துச்சு. அது என்னன்னு எனக்குப் பலகை படிக்காமலே தெரிஞ்சுது. கலப்பு வெள்ளியில ஈயம் போட்டு ஊதி எடுத்தா செம்பு எல்லாம் ஈயத்தோட போயிரும், வெள்ளி நடுவுல நிக்கும். எங்க தாத்தா அப்படித்தான் எடுப்பாராம். காத்து எந்தப் பக்கம்னு பார்த்துத்தான் உட்காரணும்னு சொல்லுவாங்க, அந்தப் புகை ஆளைக் கொல்லும். குடியிருக்கிற வீட்டுல குழந்தைங்களை வெச்சுக்கிட்டு அதைச் செஞ்சிருக்காங்க பாருங்க.

குழி வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கேன். வீட்டுக்காரர் தெரிஞ்சவர்தான், ஆனா ரொம்ப நாள் தாங்க மாட்டார். இப்ப என்ன செய்யட்டும்?

பானையோடு எழுதியது:

முதலில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் மண் யார்க் மண் மாதிரி ஊறிக்கிடப்பதில்லை. வெயில், செம்மண், கறையான். மரமும் தோலும் துணியும் போய்விடும். ஓடும், எலும்பும், கரியும், கசடும் நிற்கும். அது போதும்.

குழிச் சுவரைப் பாருங்கள், தரையை அல்ல. ஆழமாக இருந்தால் ஓரத்தில் முட்டுக்கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள், மண் சரியும். கொத்தனார் கரண்டியால் ஒரு பக்கச் சுவரை மேலிருந்து கீழாக மெல்லச் சீவச் சொல்லுங்கள். கருப்பு மண் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, கோடு நேராக இருக்கிறதா கிண்ணம் மாதிரி வளைகிறதா என்பது அப்போது தெரியும். வளைந்தால் அது யாரோ வெட்டிய பழைய குப்பைக் குழி. அளவு நாடாவைச் சுவரோடு தொங்கவிட்டுப் படம் எடுங்கள். கருப்பு மண்ணுக்கு அடியில் பிளாஸ்டிக்கோ சிமென்டோ ஒரு துண்டு இருந்தாலும் நம்ம காலத்துக் கொட்டல், விட்டுவிடலாம்.

இல்லாவிட்டால் அந்த அடுக்கிலிருந்து வருகிற ஓட்டைத் தனிப் பையில் போட்டு ஆழத்தை எழுதுங்கள். மேல் அடுக்கு ஓட்டோடு கலக்க வேண்டாம். கழுவவும் வேண்டாம். கரியைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள். கசடு இரும்பா, உங்கள் தொழில் கசடா என்று நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலை இரும்பு உருக்கிய கசடும் இந்தப் பக்கம் வர வாய்ப்பு உண்டு, காந்தம் வைத்துப் பாருங்கள். படங்களோடு சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். காசு, நகை மாதிரி ஏதாவது வந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. அதில் எல்லை வெறும் 10 ரூபாய், அதற்கு மேல் மதிப்பு இருந்தாலே தெரிவிக்க வேண்டும்.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

சரிங்கம்மா. ஆழம்னு சொன்னீங்களே, தெரு மட்டத்துல இருந்து அளக்கறதா, வீட்டுத் தரையில இருந்தா?

பானையோடு எழுதியது:

தெருவிலிருந்து வேண்டாம் ஐயா. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், அடுத்த முறை அளந்தால் கணக்கு மாறிவிடும். அந்த வீட்டில் பழைய கல் வாசற்படி இருந்தால் அதன் மேல்முகத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி, அங்கிருந்து தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எந்தக் கல், எந்த மூலை என்று படமும் எடுத்துவிடுங்கள்.